நெஞ்சளவு ஆழம்

ஜூன் 2

அண்ணனுக்கு,

அன்றைக்கு மில் மேனேஜர் அறையில் இருந்தவர்கள் மொத்தம் இவர்கள்தான். நாற்காலியில் மேனேஜர். அவருடைய வலது கைப்பக்கம் டைப்பிஸ்ட் அம்மா. எதிரில் சங்கத் தலைவர், அதாவது என் வீட்டுக்காரர். அவரை ஒட்டிச் சங்கச் செயலாளர், அதாவது நீங்கள். உட்கார இடம் கிடைக்காமல் ஜன்னலோரம் நின்றவர் பாய்லர்க்காரர். வாசலில் டீத் தட்டோடு நான். எனக்குப் பின்னால், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் நாத்தனார் சின்னவள். வேறு ஈ காக்கா கிடையாது.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் அனுப்பிய அழைப்பிதழில் "அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டத்தில் தொழிலாளர்கள் திரண்டிருக்க" என்று அச்சடித்திருக்கிறது. யார் திரண்டார்கள்? ஒருத்தி டீ கொடுக்க வந்தவள், ஒருத்தி அவளுக்குத் துணைக்கு வந்தவள். இவர்களையும் சேர்த்தால்கூட ஒரு ஆட்டோவிலும் ஒரு சைக்கிளிலும் அடங்கிவிடும் கூட்டம் அது.

அழைப்பிதழோடு, நான் திறந்துவைக்க வேண்டிய நினைவுக் கல்லின் போட்டோவும் வந்தது. கல் நன்றாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பெயர், பிறந்தது, போனது, தலைவராக இருந்த வருஷங்கள். எல்லாம் தமிழில். அதற்கு அடியில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பேத்தியிடம் காட்டினேன். "ப்ரொஃபவுண்ட்" என்று வாசித்தாள்.

"அப்படின்னா என்னடி?"

"தாத்தா ரொம்பப் பெரிய ஆளுன்னு அர்த்தம் பாட்டி."

அவ்வளவுதான், போனுக்குள் போய்விட்டாள். எனக்கு அது போதவில்லை. பெரிய ஆள் என்றால் தமிழிலேயே போட்டிருக்கலாமே. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மிச்சத்தை நூல் கண்டு லேபிளை எழுத்துக்கூட்டித்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் என் புருஷன் பெயருக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கயிற்றை இழுத்துத் துணியை விலக்குகிற ஆள் நான் இல்லை. அர்த்தத்தை எழுதி அனுப்புங்கள். மேடையில் பேசுவதுபோல வேண்டாம். வீட்டில் பேசுவதுபோல எழுதுங்கள்.

தங்கை


ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமா என்று கேட்க வேண்டும். ஆனால் உன் கடிதத்தில் நலம் என்ற சொல்லே இல்லை. எடுத்த எடுப்பில் ஆஜர் எடுத்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயசில் யார் யார் எத்தனை பலகாரம் தின்றார்கள் என்று விரல்விட்டுச் சொல்லி எல்லோரையும் அடிவாங்க வைத்தவள்தானே நீ.

வீட்டில் பேசுவதுபோல எழுதச் சொன்னாய். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், பொறுத்துக்கொள். அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் ஆழம். வெறும் தண்ணீர் ஆழம் இல்லை, அறிவின் ஆழம். மேலோட்டமாக எதையும் பார்க்காமல் அடிவரை இறங்கி யோசிப்பவனை அப்படிச் சொல்வார்கள். ஏதோ ஒரு பழைய மொழியில் "அடியை நோக்கி" என்று பொருளாம். மாப்பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா, நீயே சொல். ஊர் முழுக்க அவரிடம் பஞ்சாயத்துக்கு வந்து உட்காரும். அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். வந்தவர்கள் தாங்களாகவே தெளிந்து எழுந்து போவார்கள்.

தமிழில் போடலாமே என்கிறாய். புது அரங்கம் கட்ட உதவியவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர் சம்மேளனத்தார். திறப்பு விழாவுக்கு அவர்கள் வருகிறார்கள். அவர்கள் வாசித்து விளங்கிக்கொள்ள ஒரு சொல்லாவது வேண்டாமா?

அரங்கம் எங்கே வந்திருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அதே மேனேஜர் அறை இருந்த இடத்தில். மில்லை மூடியபின் அந்தக் கட்டடம் சங்கத்துக்கு வந்தது. எந்த அறையில் மாப்பிள்ளை மேனேஜருக்கு முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாரோ அதே அறையில் அவருக்குக் கல். என் பேச்சை அங்கிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன். அந்த மௌனம் ஆயிரம் பேச்சுக்குச் சமம்.

நீதான் கயிற்றை இழுக்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணன்


ஜூன் 15

அண்ணனுக்கு,

பலகாரம் தின்றதை எண்ணினேன், அடி வாங்கியது நீங்கள். எடுத்தது நீங்கள்தானே.

ஆயிரம் பேச்சுக்குச் சமம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயிரம் யாருக்கு வேண்டும்? அன்றைக்கு ஒரே ஒரு பேச்சு போதுமாக இருந்தது. "வேணும்" என்று ஒரு சொல்.

ஆழத்தைப் பற்றி அகராதியில் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்த ஆழத்தை எழுதுகிறேன். வாஷிங் பகுதியில் நூலைச் சாயத்துக்கு அனுப்புவதற்குமுன் சோடாத் தண்ணீரில் வேகவைக்கும் தொட்டி. வாய் தரையோடு தரையாக இருக்கும். உள்ளே எங்களுக்கு நெஞ்சளவு. அதற்குமேல் ஒரு விரல்கூட இல்லை. சுற்றிலும் சோப்பு வழுக்கல், கண் தெரியாத ஆவி, இரண்டு கையிலும் ஈர நூல் கட்டு. விளிம்பில் ஒரு கம்பி போடுங்கள், கையைப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும் என்றுதான் வாஷிங் பகுதிப் பெண்கள் கேட்டோம். சம்பளம் கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை.

மேனேஜர் நல்ல மனசில்தான் கேட்டார். பேனா கையில் இருந்தது. "கம்பி மட்டும் போதுமா தலைவரே? போதும்னு சொல்லுங்க, இப்பவே ஆர்டர் எழுதறேன்."

என் வீட்டுக்காரர் பேசவில்லை. நீங்கள் பேசினீர்கள். "தலைவர் ஆழமா யோசிக்கிறார் சார். அவசரப்படுத்தாதீங்க."

மேனேஜர் பேனாவை மூடினார். "நல்லா யோசிங்க. நான் தலைமை ஆபீசுக்குப் போயிட்டு வந்துடறேன்."

அவர் திரும்பி வருவதற்குள் சின்னவள் அந்தத் தொட்டியில் விழுந்துவிட்டாள்.

அவளை எடுத்துப் போட்ட மறு வாரமே கம்பி வந்தது. பச்சை பெயிண்ட் அடித்த கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு நான் அதற்கப்புறம் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு நாளும் அது பச்சையாக எனக்குத் தெரிந்ததில்லை.

அதிலிருந்துதான் என் வீட்டுக்காரர் வாயை மூடினார். நீங்கள் அதைப் பஞ்சாயத்து என்கிறீர்கள், அறிவு என்கிறீர்கள். வீட்டில் அதோடு குடித்தனம் பண்ணினவள் நான். ஒரு வாரம் முழுக்கச் சாப்பாட்டில் உப்பே போடாமல் வைத்தேன், திட்டவாவது வாயைத் திறக்கட்டும் என்று. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். ஊரார் வந்து உட்கார்ந்து அழுவார்கள், அவர் சுவரைப் பார்ப்பார், அவர்கள் "ஐயா என்ன ஞானம்" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

கல்லிலிருந்து அந்த வார்த்தையை எடுங்கள். அந்த இடத்தில் சின்னவள் பெயரைப் போடுங்கள். அப்படியானால் கயிறு இழுக்க வருகிறேன்.

தங்கை


ஜூன் 21

தங்கைக்கு,

கல்லைப் பதித்தாயிற்று. சுவரோடு சேர்ந்துவிட்டது. இனி எதையும் எடுக்க முடியாது, சேர்க்கவும் முடியாது. மேலும் அது தலைவருக்கான கல். விபத்தில் போனவர்களுக்கெல்லாம் கல் வைப்பதென்றால் சுவர் போதாது. இப்படி எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எழுத வைத்தது நீ.

மாப்பிள்ளை பேசாமல் இருந்ததை ஏதோ வாய் அடைத்துப்போன மாதிரி எழுதியிருக்கிறாய். அது நம் சங்கத்தின் வேலை முறை. உனக்குத் தெரியாதா? மேனேஜரோடு உட்கார்ந்தால் தலைவர் முதல் சுற்றில் பேசவே கூடாது. கேட்டது கிடைக்கிறது என்றாலும் தலையாட்டக் கூடாது. செயலாளர் மட்டும் "தலைவர் யோசிக்கிறார்" என்பார். எதிராளி பயந்துபோய் இன்னும் கொஞ்சம் கொடுப்பான். இப்படித்தான் சம்பளத்தோடு லீவு வாங்கினோம். இப்படித்தான் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வந்தது. பிள்ளைகளுக்குத் தூளி கட்ட ஓர் அறை வந்ததும் இப்படித்தான். உன் மகன் அந்த அறையில்தான் தூங்கி வளர்ந்தான், மறந்துவிட்டாயா?

அன்றைக்குக் கம்பி கிடைத்துவிட்டது என்று எனக்கும் தெரியும். அதோடு தரைக்கு ரப்பர் விரிப்பும், உங்கள் எல்லோருக்கும் பூட்சும் வாங்கிவிடலாம் என்று பார்த்தேன். உங்களுக்காகத்தான். அந்தப் பெண் அப்படி விழுவாள் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. இத்தனை ஆத்திரம் இருக்கிறதே, நீயும் அங்கேதானே இருந்தாய்? டீத் தட்டோடு வாசலில் நின்றாயே, நீ ஏன் வாயைத் திறக்கவில்லை?

அண்ணன்


ஜூன் 26

அண்ணனுக்கு,

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கக் கூடாது.

நான் வாயைத் திறந்தேன். உங்களுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். ஞாபகம் வைத்துக்கொள்வது என் வேலை, மறப்பது உங்கள் வேலை. நம் வீட்டில் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் பங்கு பிரித்தார்கள்.

மேனேஜர் கேட்டார். சின்னவள் என் முதுகில் விரலால் குத்தினாள். "அண்ணி, அண்ணன் ஏன் பேசல? நீங்க சொல்லுங்க அண்ணி." நான் சொன்னேன்.

"வேணும் சார். கம்பி மட்டும் போதும் சார்."

டைப்பிஸ்ட் அம்மா சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து, "அந்தம்மா சொல்றது சரிதானா? தலைவர் வாயால சொல்லிட்டா எழுதிடறேன்" என்றார்.

நீங்கள் திரும்பிப் பார்த்து என்ன சொன்னீர்கள் தெரியுமா? "டீயை வெச்சுட்டுப் போம்மா. ஆம்பளைங்க பேசிட்டிருக்கோம்ல." உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவளை, போம்மா என்றீர்கள், யாரோ மாதிரி.

சரி, இதையும் விட்டுவிடுகிறேன். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதது. அவரிடம்கூட.

அந்த மேஜைக்குத் துணி கிடையாது. வாசலில் நின்றவளுக்கு அடியில் எல்லாம் தெரியும். மேனேஜர் அப்படிக் கேட்டதும் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். உதடு பிரிந்தது, பார்த்தேன். மூச்சு இழுத்தார். அந்த நொடியில் உங்கள் கால் நகர்ந்து அவர் கால்மேல் ஏறியது. வார் அறுந்து ஊக்கு குத்தி வைத்திருந்த ரப்பர் செருப்பு. அழுத்தி மிதித்தீர்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். நீங்கள் "ஆழமா யோசிக்கிறார்" என்றீர்கள். ஊக்கு கிழித்த இடத்தில் அன்று சாயங்காலம் மருந்து வைத்தது நான். "என்ன ஆச்சு?" என்றேன். "கல்லு இடிச்சுடுச்சு" என்றார். அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சுகளில் அதுவும் ஒன்று.

இப்போது அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுங்கள். அடிவரை இறங்கி யோசித்தவர் யார்? "சரி" என்று சொல்ல வாயெடுத்த மனுஷனை மிதித்து உட்கார வைத்துவிட்டு, அவர் தலையில் ஞானி என்று கிரீடம் வைத்தவர் யார்?

தங்கை


ஜூலை 3

தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பதில் எழுதி இரண்டைக் கிழித்தேன்.

மேஜைக்கு அடியில் யார் கால் எங்கே இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்து யார் சாட்சி சொல்வது? சிறிய அறை. கால் பட்டிருக்கலாம். பட்டது என்றே வைத்துக்கொள். அது சைகை. எங்களுக்குள் இருந்த சைகை. அதற்கு முன்பும் எத்தனையோ தரம் பட்டிருக்கிறது, அவர் ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. எல்லாவற்றையும் நீ ஒரு டீத் தட்டின் உயரத்திலிருந்து பார்க்கிறாய்.

அகராதியை மறுபடி புரட்டினேன். நீ நம்பமாட்டாய், உனக்காகத்தான் புரட்டினேன். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தங்களும் உண்டு. கொஞ்சமும் மிச்சமில்லாத முழு அமைதிக்கு அதே சொல். தூக்கத்துக்கும், தேற்றவே முடியாத துக்கத்துக்கும் அதே சொல். காது அறவே கேட்காமல் போனாலும் டாக்டர்கள் அதைத்தான் எழுதுவார்களாம். தலை தரையைத் தொடும்படி குனிந்து வணங்குவதற்கும் உண்டு. அறிவு என்ற அர்த்தம் உனக்குப் பிடிக்கவில்லையா, துக்கம் என்று எடுத்துக்கொள். மாப்பிள்ளைக்கு அதுவும் பொருந்தும். அப்படி நினைத்துக்கொண்டு ஒரு தரம் அந்தக் கயிற்றை இழுத்துவிடேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். செருப்பு விஷயத்தை அங்கே பேசாதே. பழைய ஆட்கள் வருவார்கள். எனக்கு எண்பத்தொன்று ஆகிறது. வா, இழு, உட்கார். உனக்கு முன் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்


ஜூலை 20

தங்கைக்கு,

இப்போது திருப்தியா?

நீ கயிற்றை இழுத்துத் துணி விலகியபோது நான் மைக்கில் அந்தச் சொல்லை உச்சரித்துக்கொண்டிருந்தேன். இருநூறு பேர் கல்லைப் பார்க்கிறார்கள். கல்லில் அந்தச் சொல் இல்லை. பொழுது விடிவதற்குள் காய்ந்துபோன சிமெண்ட் பூச்சு ஒன்று இருக்கிறது. அதில் ஆணியால் கீறிய மாதிரி, மேலும் கீழும் ஏறி இறங்கும் கோணல் எழுத்தில், ஒரு பெண்ணின் பெயர். சங்கத்தில் உறுப்பினராகக்கூட இல்லாதவள் பெயர்.

கொத்தனாரைக் கூப்பிட்டு அதட்டினேன். எனக்குத் தெரியாது என்கிறான். காவலாளி எனக்குத் தெரியாது என்கிறான். பாய்லர்க்காரர் மட்டும் முன் வரிசையில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரிக்கிறார். அந்த ஆளுக்குக் காதும் கேட்காது.

வெளிநாட்டுக்காரர் எழுந்து வந்து அந்தப் பெயர்மேல் விரலை வைத்து இது யார் என்று என்னிடம் கேட்டார். என் வாழ்க்கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றது அதுதான் முதல் தடவை. நீ என்னை அப்படி நிறுத்தினாய். கூடப்பிறந்தவள் செய்கிற வேலையா இது?

கல்லைப் புதிதாகச் செய்யச் சொல்லிவிட்டேன். பழையபடி அந்தச் சொல்லோடு.

அண்ணன்


ஜூலை 25

அண்ணனுக்கு,

திருப்தியா என்று கேட்டாய். பாதி.

கொத்தனார் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. முதல் நாள் சாயங்காலம் நானும் பாய்லர்க்காரரும்தான் போனோம். "தலைவர் சம்சாரம், கல்லைத் துடைக்கணும்" என்றேன், காவலாளி பூட்டைத் திறந்துவிட்டு நாற்காலிகூடப் போட்டான். சிமெண்ட் குழைத்தது பாய்லர்க்காரர். அவர் விரல்கள் இன்றுவரை முழுசாக மடங்காது. அன்றைக்குத் தொட்டிக்குள் கை விட்டு அவளைத் தூக்கிய விரல்கள். ஆனாலும் பூசுகரண்டி நன்றாகத்தான் பிடித்தார்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த வார்த்தையை அத்தனை ஆழம் ஆழம் என்று எழுதினாயே. தடவிப் பார்த்தேன். கல்லில் என் நகம் போகிற அளவுகூட வெட்டவில்லை. ஒரு டீக் கிண்ணம் சிமெண்ட் கரைத்துக்கொண்டு போனோம். மொத்த வார்த்தையையும் மூடியபிறகு பாதிக் கிண்ணம் மிச்சம். அதை வாசற்படி வெடிப்பில் பூசிவிட்டு வந்தோம்.

பெயரை எழுதியது நான்தான். ஆணி இல்லை, என் கொண்டை ஊசி. கோணல் என்கிறாய். அவளும் அப்படித்தான் எழுதுவாள். இரண்டு பேரும் ஒரே லேபிளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்.

நீ சொல்லாமல் விட்டதையும் எழுதுகிறேன், ஏனென்றால் பாதியை எழுதிவிட்டு மீதியை மறப்பது உனக்குக் கைவந்தது. வெளிநாட்டுக்காரர் உன்னைக் கேட்டார், நீ நின்றாய். அப்புறம் என்ன நடந்தது? நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "உட்காரும்மா" என்று நீ மைக்கிலேயே சொன்னாய், இருநூறு பேருக்கும் கேட்டது. நான் உட்காரவில்லை. மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் சொன்னேன்: "இவ என் நாத்தனார். கல்லுல இருக்கறவரோட கூடப்பிறந்த தங்கச்சி. வெந்நீர்த் தொட்டியில விழுந்து செத்தா. கம்பி போடறோம்னு மேனேஜர் சொன்னாரு, இந்த அறையிலதான். வேணும்னு நான் சொன்னேன். செயலாளர் என்னைப் போகச் சொன்னாரு." அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லாக அவருக்குச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார். பின்வரிசையில் யாரோ ஒரு கிழவி, நம் வாஷிங் பகுதிக்காரிதான், எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு எண்ண முடியவில்லை.

செருப்பைப் பற்றி நான் பேசவில்லை. நீ பயந்து பயந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் மானத்தைக் காப்பாற்ற விட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் மானத்துக்காக விட்டேன். ஒரு மிதிக்குப் பயந்து வாய் மூடினார் என்று அவர் பெயர் கெட வேண்டாம்.

கல்லைப் புதிதாகச் செய். தாராளமாகச் செய். நீ வெட்டு, நான் மூடுகிறேன். எனக்கும் வேறு வேலை இல்லை. சிமெண்ட் பாக்கி ஒரு மூட்டை பாய்லர்க்காரர் வீட்டில் இருக்கிறது. நான் போய்விட்டால் பேத்தி வருவாள். அவளுக்குக் கதையைச் சொல்லிவிட்டேன், போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

அன்றைக்கு அறையில் இருந்தவர்களோடு ஒவ்வொருவராக மனசில் கணக்குத் தீர்த்துக்கொண்டு வருகிறேன். இந்த வயசில் அதுதானே வேலை. மேனேஜரை மன்னித்துவிட்டேன். கேட்டார், பதில் வரவில்லை, போனார். டைப்பிஸ்ட் அம்மா சிரித்ததை மன்னிக்க நாளாயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதுகூட மன்னிக்கவில்லை. ஒருநாள் நெரிசல் பஸ்ஸில் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார், அன்றைக்கு மன்னித்தேன். பாய்லர்க்காரரை மன்னிக்க ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் விஷயம் சுலபமாக இல்லை. அவரோடு எனக்கு இருந்த வழக்கு நீளமானது. கடைசிக் காய்ச்சலில் வாய் திறந்து கூப்பிட்டார். என்னை இல்லை, அவளை. அவள் பெயரைச் சொல்லி, "கம்பியப் பிடிச்சுக்கோ" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு ஆள் பாக்கி. அந்த ஆளை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் போவதில்லை. என் உடம்பில் கடைசி மூச்சு இருக்கும்வரை கேட்டாலும் இதே பதில்தான். அந்தச் சங்கத்தின் செயலாளர். என் அம்மா வயிற்றில் எனக்கு முன்னால் பிறந்தவன். என் அண்ணன்.